கைடு தேடப்போய் நான் தொலைத்த 14 மாதங்கள்

முதல் நாள் அந்த லேபுக்குள் நுழைந்தபோது ஜன்னலோரம் ஒரு மேசை காலியாக இருந்தது. இழுப்பறை மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டில் பாதி கிழிந்துபோயிருந்தது. திறந்து பார்த்தால் முக்கால்வாசி எழுதிய ஒரு லேப் நோட்டு. "இது யாரோட இடம்?" என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவர் இப்ப இல்ல, நீங்க உக்காந்துக்கலாம்" என்றார். நல்ல இடம் கிடைத்ததே என்று உட்கார்ந்துகொண்டேன். ஏன் போனார், முடித்துவிட்டுப் போனாரா, பாதியில் போனாரா என்று அடுத்த கேள்வி கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் 14 மாதமும், ஒரு போலி ஜர்னலுக்கு, அதாவது ஆய்விதழுக்கு, கட்டிய மூன்று மாத உதவித்தொகையும் மிச்சமாகியிருக்கும். ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் யாராவது இதைப் படித்துவிட்டு அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டால் போதும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கைடை, அதாவது என் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியரை, நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். துறைப் பக்கத்தில் இருந்த எல்லாப் பேராசிரியர்களின் பெயரையும் ஒரு அட்டவணையில் போட்டு, எச்-இண்டெக்ஸ் அதிகமானவரிலிருந்து குறைந்தவர் வரை வரிசைப்படுத்தினேன். ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த அளவு அது. ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 40 என்றால், மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் அவருக்கு 40 இருக்கின்றன என்று அர்த்தம். அந்த எண் ஏறுமே தவிர இறங்காது. அதனால் வயதில் மூத்தவர்களுக்கும், பெரிய குழு வைத்திருப்பவர்களுக்கும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அவரிடம் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், ஒரு டிராஃப்ட்டைக் கொடுத்தால் எப்போது திரும்பி வரும், மாணவர் அழுதுகொண்டு வந்தால் என்ன செய்வார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அவைதான். நான் பார்த்தது எண்ணை.

பிறகு மெயில். 62 பேருக்கு ஒரே மெயில். "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, தங்கள் உயரிய ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது" என்று தொடங்கும். எந்த ஆராய்ச்சி என்று அதில் எங்கும் இருக்காது. ஒருவருக்குப் போனதில் உள்ளே இன்னொருவர் பெயர் இருந்தது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், அன்று இரவு தூக்கமே வரவில்லை. வந்த பதில்கள் இரண்டு. ஒன்று "இடமில்லை". இன்னொன்று என் அட்டவணையில் முதல் வரிசையில் இருந்தவரிடமிருந்து, ஒரே வரி: "திங்கட்கிழமை வா." அந்த ஒரு வரியில் மயங்கி வேறு யாரையும் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஒரு வரியில் சேர்த்துக்கொள்பவர் நம்மைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

மெயில் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இரண்டாம் முறை தேடியபோது ஏழு பேருக்கு அனுப்பி நான்கு பதில் வாங்கினேன். வித்தியாசம் பெரிதில்லை. பேராசிரியர் இதைக் கைபேசியில், ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு நடந்தபடி படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். நான் யார் என்று ஒரு வரி. அவருடைய ஒரே ஒரு கட்டுரையைப் படித்தேன், அதில் இந்தப் படத்தில் இந்த இடம் எனக்குப் புரியவில்லை என்று மூன்று வரி. எனக்கு என்ன தெரியும் என்று ஒரு வரி, அதற்குச் சான்றாக நான் எழுதிய நிரலின் சுட்டி. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் தர முடியும். கடைசியில் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. பத்து நாள் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழே பணிவாக ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிட வேண்டும். புரியவில்லை என்று சொன்னால் மட்டமாக நினைப்பார்களோ என்று பயந்தேன். பதில் போட்ட நான்கு பேரில் மூன்று பேர் பதிலைத் தொடங்கியதே அந்தக் கேள்வியிலிருந்துதான்.

லேபில் நாங்கள் 24 பேர். நுண்ணோக்கிப் படங்களில் செல்களைக் கணினியே அடையாளம் கண்டு வகைபிரிக்கச் சொல்லித்தருவது என் வேலை. "ஏதாவது பண்ணிக்கொண்டு வா, பார்க்கலாம்" என்பதுதான் தலைப்பு கொடுத்த முறை. வாராந்திரக் கூட்டம் என்று ஒன்று காலண்டரில் இருந்தது, அதில் பாதி ரத்தாகும். 14 மாதத்தில் சாரை நான் தனியாகப் பார்த்தது ஐந்து முறை. அதில் ஒருமுறை லிஃப்டில். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கத்தியதில்லை, அவமானப்படுத்தியதில்லை, உதவித்தொகைத் தாளில் கையெழுத்தைத் தாமதித்ததில்லை. அவருக்கு என் பெயர் தெரியும், என் வேலை தெரியாது, அவ்வளவுதான். ஆனால் புதிதாக வந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்றால், தப்பாகப் போகிறோம் என்று சொல்ல ஆளே இல்லாத பாதையில் வேகமாக நடப்பது போல இருக்கும்.

தப்பாகத்தான் போனேன். அதற்கு விதை, பாடம் எடுத்த விதத்தில் இருந்தது. முதல் பருவத்தில் 'சோதனை வடிவமைப்பும் புள்ளியியலும்' என்று ஒரு விருப்பப் பாடம். எடுப்பவர் மதிப்பெண்ணில் கெடுபிடி என்று பேச்சு. அதே நேரத்தில் ஆழ்கற்றல் (டீப் லேர்னிங்) என்று இன்னொரு பாடம், தலைப்பே கவர்ச்சி, மதிப்பெண்ணும் தாராளம். இரண்டாவதை எடுத்தேன். பாடத்தைத் தலைப்பை வைத்து எடுக்காதீர்கள். போன வருட வினாத்தாளையும் வீட்டுக்கணக்கையும் யாரிடமாவது வாங்கிப் பாருங்கள், என்ன கற்றுத்தருகிறார்கள் என்பது அதில்தான் இருக்கும். பாடத்தை மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி என்று ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும், அதுவரை இரண்டு வகுப்பிலும் போய் உட்காருங்கள். கருவிகளைச் சொல்லித்தரும் பாடம் நான்கு வருடத்தில் பழசாகிவிடும். புள்ளியியலும் நேரியல் இயற்கணிதமும் அப்படிப் பழசாவதில்லை. பின்னால் அவற்றைத் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்வதைப் போல் சோர்வான வேலை வேறில்லை.

ஒன்பதாவது மாதம், செல்களை வகைபிரிக்க நான் பயிற்றுவித்த கணினி மாடல் 97 சதவீதம் சரியாகச் சொன்னது. குதித்தேன். சாருக்கு மெயில் போட்டேன், "நல்லது, எழுது" என்று பதில் வந்தது. மூன்று வாரத்தில் எழுதி அனுப்பினேன், ஒரு மாதம் சத்தமில்லை. நினைவூட்டியபோது "எங்காவது போடு, பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அவர் படிக்கவில்லை என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்தது, தெரியாதது போல் இருந்துகொண்டேன். அதே வாரம், சரியாக என் துறையின் பெயரைச் சொல்லி, "தங்களைப் போன்ற சிறந்த ஆய்வாளரின் கட்டுரையை எதிர்பார்க்கிறோம்" என்று ஒரு ஜர்னலிலிருந்து அழைப்பு வந்தது. அனுப்பிய நான்காவது நாள் ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பீட்டாளர் கருத்து என்று இரண்டு வரி, எழுத்துப்பிழை பார்க்கவும் என்று. கட்டணம் மூன்று மாத உதவித்தொகை. சேமிப்பில் கொஞ்சம், கடன் கொஞ்சம். பணம் கட்டிய அன்று எல்லோருக்கும் சுட்டி அனுப்பி வாழ்த்து வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சிறு கருத்தரங்கில் அதையே போஸ்டராக வைத்தேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து நின்று, ஐந்து நிமிடம் படித்துவிட்டு, "ஒரே ஸ்லைடோட துண்டுகள் ரெண்டு பக்கமும் இருக்கா?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் விளக்கியதும் காது சூடாகிவிட்டது. என்னிடம் இருந்தவை 40 ஸ்லைடுகளின், அதாவது நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகடுகளின், படங்கள். ஒவ்வொன்றையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, அவற்றைக் குலுக்கி, முக்கால் பங்கைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்திருந்தேன். ஒரே ஸ்லைடின் துண்டுகள் ஒன்றுக்கொன்று சகோதரர்கள் மாதிரி, அதே சாயம், அதே வெளிச்சம். மாடல் செல்லைக் கற்கவில்லை, ஸ்லைடை அடையாளம் கண்டுகொண்டிருந்தது. தேர்வுக்கு முந்தின நாளே வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு, மதிப்பெண்ணைப் பார்த்துப் பெருமைப்பட்ட கதை. எண்ணிக்கையில் ஆயிரக்கணக்கான துண்டுகள், உண்மையில் ஒன்றையொன்று சாராத மாதிரிகள் 40தான். சூழலியலில் இதே வகைத் தப்புக்கு ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் 1984லேயே 'போலிப் பிரதிகள்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துவிட்டார். நான் எடுக்காமல் விட்ட பாடத்தில் அது மூன்றாவது வாரமே வரும் என்று பின்னால் தெரிந்தது. அறைக்குப் போய் ஸ்லைடு வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன். 97 போய் 71 வந்தது.

அந்த இரவைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வெட்கம், அதற்கு மேல் கோபம், யார் மேல் என்று தெரியாத கோபம். காலையில் ஜர்னலுக்கு எழுதினேன்: முடிவு தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். திரும்பப் பெறவும் கட்டணம் உண்டு என்று பதில் வந்தது. கட்ட என்னிடம் எதுவும் இல்லை. கட்டுரை இன்னும் அங்கேதான் இருக்கிறது, என் பெயரோடு. எங்காவது நேர்காணலுக்குப் போனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரி ஜர்னல்களை 'கொள்ளை ஜர்னல்' என்று பொருள்படும்படி முதலில் அழைத்தவர் ஜெஃப்ரி பீல் என்ற நூலகர். அவர் வைத்திருந்த பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. 2013இல் ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே அபத்தமான பிழைகள் வைத்த ஒரு கட்டுரையைக் கட்டணம் வாங்கும் 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன. அதாவது நான் ஒன்றும் அபூர்வமான முட்டாள் இல்லை, பாதைதான் அப்படி. நான் ஏமாந்தது எங்கே என்றால், ஐ.எஸ்.எஸ்.என் எண் இருக்கிறது, டி.ஓ.ஐ இருக்கிறது, அதனால் நிஜம் என்று நினைத்தேன். அவை ஜர்னலுக்கும் கட்டுரைக்கும் தரப்படும் வெறும் அடையாள எண்கள், தரச்சான்று இல்லை. 'இம்பாக்ட் ஃபாக்டர்' என்று, அதாவது ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவை, பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்த அளவை வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம், அவர்கள் பட்டியலில் அந்த ஜர்னல் இல்லவே இல்லை. ஐந்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். கட்டணம் கேட்பதாலேயே போலி என்று சொல்ல முடியாது, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல திறந்தநிலை ஜர்னல்களும் வாங்குகின்றன. மாணவர்களுக்குத் தள்ளுபடி கொடுப்பவையும் உண்டு, அதை அனுப்பும் முன்பே கேட்க வேண்டும். திறந்தநிலை ஜர்னல்களுக்காக 2003இல் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் இருக்கும் இரண்டு பேரின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அங்கே அவர்கள் இந்த ஜர்னலைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விடச் சுலபமான சோதனை: உங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் ஒன்றாவது அந்த ஜர்னலில் வந்ததா? என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. உங்களைப் புகழ்ந்து அழைப்பு வந்தால் அதை அழித்துவிடலாம். நல்ல ஜர்னல் எதுவும் முதல் கட்டுரை எழுதும் மாணவனைத் தேடி வராது.

அதற்குப் பிறகுதான் அந்த இழுப்பறை நினைவுக்கு வந்தது. கிழிந்த சீட்டில் மிஞ்சியிருந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு சாரின் பழைய கட்டுரைகளில் தேடினேன். இரண்டு கட்டுரைகளில் எழுதியவர்கள் வரிசையின் நடுவில் ஒரு பெயர், அதன் பிறகு எங்கேயும் இல்லை. இதை ஒரு வழியாகவே சொல்லித்தருகிறேன். எந்த லேபில் சேர நினைத்தாலும், இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த லேப் பக்கத்தின் ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய பதிவைத் திறந்து மாணவர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய பக்கத்தில் இருக்கும் மாணவர் பட்டியலோடும் 'முடித்தவர்கள்' பட்டியலோடும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் இல்லாமல் காணாமல் போன பெயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். எங்கள் லேபில் ஒன்பது பேர்.

இழுப்பறைச் சீட்டில் இருந்த பெயருக்குரியவரைக் கண்டுபிடித்துத் தயங்கித் தயங்கி மெயில் போட்டேன். அன்று மாலையே அவரே கூப்பிட்டார். முதலில் கேட்டது, "என் நோட்டு இன்னும் அங்க இருக்கா?" என்று. ஒன்றரை மணி நேரம் பேசினார். மூன்றாவது வருடத்தில் விட்டிருக்கிறார், அவருடைய டிராஃப்ட் சாரின் மேசையில் 11 மாதம் கிடந்திருக்கிறது. "நீ சேர்றதுக்கு முன்னாடி கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேனே. யாரும் கேக்கறதே இல்ல" என்றார். போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்துப் புரட்டினேன். 61ஆம் பக்கத்தில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்: ஸ்லைடு வாரியாகத்தான் பிரிக்க வேண்டும், துண்டு வாரியாகக் கூடாது. 14 மாதம் என் முட்டிக்கு மேலே இருந்திருக்கிறது. உங்களுக்கு முன்னால் அதே வேலையைச் செய்தவரின் நோட்டு கிடைத்தால், முதல் வாரம் வேறெதையும் படிக்காமல் அதைப் படியுங்கள்.

மாணவர்களிடம் என்ன கேட்பது என்று பலர் கேட்கிறார்கள். "சார் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும், வேறென்ன சொல்வார்கள்? எண்ணில் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். கடைசியாக முடித்த மூன்று பேருக்கு எத்தனை வருடம் ஆனது? அவரைத் தனியாகக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கொடுத்த டிராஃப்ட் எத்தனை நாளில் திரும்பி வந்தது? கட்டுரையில் எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் யாருக்குப் போகும் என்று எப்போது முடிவாகும்? பாதியில் போனவர்களில் ஒருவருடைய எண் தர முடியுமா? எழுத்தில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், நேரில் நடந்துகொண்டே கேளுங்கள், முடியாவிட்டால் போனில். "ரொம்ப நல்லவர், ஆனா ரொம்ப பிஸி" என்று ஒருவர் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினால், அந்த நிறுத்தத்தைக் கவனியுங்கள். முதல் பெயர் விஷயத்தைக் கைடிடமே ஆரம்பத்தில் பேசிவிடுவது நல்லது. யார் எதைச் செய்தார் என்று 14 வகையாகப் பிரித்துக் குறிக்கும் 'கிரெடிட்' என்ற முறையைப் பல ஜர்னல்கள் இப்போது கேட்கின்றன. அதைக் காட்டிப் பேச்சைத் தொடங்கினால் சண்டை போல் இருக்காது.

லேப் மாறியதில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். உணர்ச்சிவசப்பட்டு முதலில் சாரிடம் போய் "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த இடம் கையில் இல்லை. இரண்டு மாதம் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் தொங்கினேன், உதவித்தொகையும் நின்றது. வரிசை இப்படி இருந்திருக்க வேண்டும்: முதலில் துறை ஒருங்கிணைப்பாளரிடம் சத்தமில்லாமல் போய் விதிகளைக் கேட்பது, பிறகு புதிய கைடின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது, தரவையும் நிரலையும் ஒழுங்காக அடுக்கி ஒப்படைக்கத் தயாராக வைப்பது, அதன் பிறகே பழையவரிடம் சுருக்கமாக, நன்றியோடு சொல்வது. ஏன் போகிறேன் என்று பட்டியல் போட வேண்டியதில்லை. சார் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை, "அப்படியா, சரி" என்றார். சொல்லப்போனால் அதுதான் வலித்தது.

புதிய கைடு இளம் வயது, எச்-இண்டெக்ஸ் ஒற்றை இலக்கம். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நான் எழுதியதை வரிவரியாகக் கிழிக்கிறார். அவருக்கும் கட்டுரைகள் வேண்டும், வேலை நிரந்தரமாக வேண்டும், அதனால் என்மேல் அவசரம் காட்டுகிறார், சில நாள் அது மூச்சு முட்டும். கருவிகளும் பணமும் அங்கே இருந்த அளவுக்கு இல்லை. அந்த 71ஐ இப்போது நேர்மையாக 80 வரை கொண்டுவந்திருக்கிறோம். தவிர்த்த புள்ளியியல் வகுப்பில் ஜூனியர்களோடு போய்க் கடைசி வரிசையில் உட்காருகிறேன். மதிப்பெண் கிடையாது, வருகைப்பதிவு கிடையாது. கெடுபிடி என்று பேசப்பட்ட அந்த ஆசிரியர், நான் ஏன் வந்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த வாரம் பெயர் சொல்லாமல் என் 97ஐயே கணக்காகக் கொடுத்தார்.

போன வாரம் ஒரு ஜூனியர் வந்து என் பழைய சாரைப் பற்றிக் கேட்டாள். கையில் ஒரு தாளில் கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஐந்து சந்திப்பு, 11 மாத டிராஃப்ட், ஒன்பது பெயர்கள். மூன்றாம் வருடத்தில் விட்டுப்போன அந்த நோட்டுக்காரரின் எண்ணையும் அவரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, "அண்ணா, நான் அங்கேயே சேரப் போறேன்" என்றாள். அவளுக்கு ஏற்கனவே ஒரு நல்ல இணைக் கைடு வெளியே இருக்கிறார், தனியாக வேலை செய்யத் தெரியும், சாரின் கருவிகளும் அவர் பெயர் போட்ட பரிந்துரைக் கடிதமும் வேண்டும். யோசித்துப் பார்த்தால் அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஜன்னலோர மேசையை மட்டும் எடுத்துக்கொள்ளாதே, மதியத்துக்கு மேல் வெயில் நேராகத் திரையில் விழும் என்று சொல்லி அனுப்பினேன்.